பித்தம் போகும் வழி

தெல்தெனியச் சந்தையில் கெண்டை மீனை விட்டுவிட்டுப் பித்தப்பையை மட்டும் வாங்கிப்போன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். "பூனைகூட இதத் தொடாது தங்கச்சி" என்று மீன்காரர் கேலி செய்வார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் என் ஆராய்ச்சி அப்படி. பச்சைப் பைகளை ஐஸ் பெட்டியில் அடைத்து, மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் அரைத்தூக்கமாக வருவேன். ஜன்னலுக்கு வெளியே நீர்த்தேக்கம் பனிமூட்டத்தில் மிதக்கும்.

கெண்டையின் பித்தம் மிகப் பழைய மாதிரி. நம் பித்தத்தில் இருப்பது அமிலம். கெண்டையிடம் இருப்பது அதற்கும் முந்திய ஆல்கஹால் வகை. அதை ஈரலிலிருந்து வெளியே தள்ளுவதற்கென்றே ஒரு புரதம் உண்டு. கோடிக்கணக்கான வருஷங்களில் சரக்கு மாற மாற, சுமக்கிற புரதமும் தன்னை மாற்றிக்கொண்டது. அதை நினைத்துக் கண்ணை மூடினால், மனிதர்களே பிறக்காத ஓர் ஆற்றில் நானும் நீந்திக்கொண்டிருப்பேன். அந்தக் கனவில் எனக்குத் தலைக்கனமும் கொஞ்சம் இருந்தது.

அக்கா ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தாள். ஒரு சனிக்கிழமை அவளைப் பார்க்க லயத்து வீட்டுக்குப் போனேன். அவளுக்கு எட்டு மாதம். வாசல்படிக் கல்லில் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"மலையில பூச்சி மருந்து அடிச்சாங்கல்ல, அதான் அரிக்குது. மொதப் புள்ளைக்கும் இப்படித்தான்."

முதல் பிள்ளை வயிற்றிலேயே இறந்துபோய்ப் பிறந்தது. அந்த முறை வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து அவள் கையில் பூசிவிட்டவளே நான்தான். தோட்டத்தில் அரிப்பு என்றால் ஒன்று மருந்து, இல்லாவிட்டால் கம்பளிப்பூச்சி. வேறு காரணம் தேட யாருக்கும் தோன்றாது.

கையை வாங்கிப் பார்த்தேன். தடிப்பு இல்லை, கொப்புளம் இல்லை, அவள் நகம் கீறிய கோடுகள் மட்டும். "உள்ளங்காலுமா?" என்றேன். தலையாட்டினாள். எல்லாம் பனிக்கு அப்பால் எங்கோ நடப்பதுபோல் இருந்தது. பிள்ளைத்தாய்ச்சிகளில் சிலருக்கு ஈரலில் அந்தப் புரதம் சோர்ந்துபோகும். பித்த அமிலம் இரத்தத்தில் ஏறும், அரிக்கும்; அளவு மீறினால் பிள்ளைக்கு ஆபத்து. நானே பாடக்கொப்பியில் அடிக்கோடிட்ட வரி அது. என் அக்காவுக்கும் ஈரல் உண்டு என்பதுதான் அன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.

"கெளம்புக்கா, ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"இந்த அரிப்புக்கா?" என்று சிரித்தாள். நான் கத்திவிட்டேன். அவள் செருப்பை மாட்டினாள்.

இரத்தப் பரிசோதனை நான் பயந்ததையே சொன்னது. வார்டிலேயே வைத்து மருந்து கொடுத்து, நாளுக்கு முன்பே பிள்ளையை எடுத்தார்கள். பெண். இத்தனூண்டு உடம்பை வைத்துக்கொண்டு வீரிட்டு அழுதாள். நானும் அழுதேன்.

மறுநாள் பிள்ளைக்குப் பால் கொடுத்தபடியே அக்கா கேட்டாள்.

"இதெல்லாம் நீ எப்ப படிச்ச?"

"ரெண்டாவது வருஷத்துலக்கா. கிளாஸ்ல."

"அப்ப மொதப் புள்ள..." என்று தொடங்கியவள் பிள்ளையை மறுமார்புக்கு மாற்றினாள்.

அவன் போனது என்னுடைய மூன்றாவது வருஷத்தில். அது எங்கள் இருவருக்கும் தெரியும்.