நம்புவது யார்

நம்பிக்கை என்று ஒன்று இருந்தால் நம்புகிற ஆள் ஒருவர் இருந்தே ஆகவேண்டுமா? தீவிர சிகிச்சைப் பிரிவில் மொழிபெயர்ப்பாளராக இருந்த அந்தப் பெண்ணின் வாழ்க்கை இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது போலிருக்கிறது. நோயாளிகளின் சொந்தக்காரர்கள் அவளை ‘டப்பிங் அக்கா’ என்பார்கள். பெரிய திறமைசாலி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள்.

அந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. மருத்துவர் ‘நான்’ என்றால் மொழிபெயர்ப்பவரும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும்; ‘டாக்டர் சொல்கிறார்’ என்று ஒதுங்கிக்கொள்ளக் கூடாது. மருத்துவர்களின் ஆங்கிலத்தில் அவளைப் படுத்தியது ‘ஹோப்ஃபுலி’தான். ஹோப்ஃபுலி காய்ச்சல் இறங்கும், ஹோப்ஃபுலி நாளைக்கு ஸ்கேன் வந்துவிடும். சில நேரம் அது விருப்பம், சில நேரம் மரியாதை, சில நேரம் பேச்சை முடித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு நகரும் வழி. யார் நம்புகிறார்கள் என்பதை மட்டும் அது சொல்வதில்லை. தமிழில் யாராவது நம்பித் தொலைக்க வேண்டியிருக்கிறது. ‘பார்ப்போம்’ என்றால் கைகழுவியது போலிருந்தது. ‘கடவுள் புண்ணியத்துல’ என்றால் மருத்துவர் கூப்பிடாத கடவுள் நடுவில் வந்து நின்றார். கடைசியில் ‘நம்புறேன்’ என்று வைத்துக்கொண்டாள்.

சாரத்திலிருந்து விழுந்த கொத்தனாரைக் கொண்டுவந்த அன்று, கண் விழிப்பாரா என்று அவர் மனைவி கேட்டாள். மருத்துவர் ‘ஹோப்ஃபுலி’ என்றார். “முழிப்பார்னு நம்புறேன்” என்றாள் இவள். அந்த மனைவி அதையே பற்றிக்கொண்டு வராந்தா பெஞ்சில் கிடந்தாள்.

பிறகு மூளையில் அசைவே இல்லை என்று தெரிந்தது. சுவாசக் கருவியை எடுத்துவிட மனைவி சம்மதிக்க வேண்டும் என்றார்கள். அவள் அசையவில்லை. கொழுந்தன் அழுது பார்த்தான், பிறகு ஏசினான்.

“டாக்டரே கைய விரிச்சாச்சு அண்ணி. நீங்க டப்பிங் பேச்சை நம்பி உட்கார்ந்திருக்கீங்க.”

மருத்துவர் மறுபடி வந்து பொறுமையாகவே விளக்கினார். கருவியை எடுத்தால் ஹோப்ஃபுலி வலி இருக்காது என்று முடித்தார்.

“வலி இருக்காதுன்னு நம்புறேன்” என்றாள் இவள்.

மனைவி மருத்துவரைப் பார்க்கவில்லை. இவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அன்னைக்கு முழிப்பார்னு நம்புறேன்னீங்களே அக்கா. இப்பவும் நம்புறீங்களா? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் எத்தனை நாள்னாலும் காத்திருக்கேன்.”

அந்தக் கேள்வியை அப்படியே ஆங்கிலத்தில் மருத்துவரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதுதான் முறை. அவர் என்னவென்று தலை தூக்கினார். இவள் அவருக்கு எதையும் சொல்லவில்லை. கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இல்லம்மா. நான் நம்பல. அவர் முழிக்க மாட்டார்.”

மனைவி வெகுநேரம் கையை விடவில்லை. பிறகு கொழுந்தனைப் பார்த்துச் சரியென்று தலையாட்டினாள்.

சொந்த அபிப்பிராயம் சொன்னது ஏன் என்று நிர்வாகம் கேட்டது. பணிவாகக் கேட்டுவிட்டு எழுந்து வந்தாள். அதற்குப் பின் எந்த மருத்துவமனையிலும் அவள் மொழிபெயர்க்கவில்லை. ஏனென்று வீட்டிலும் யாருக்கும் தெரியாது.