எட்டில் ஒரு பங்கு கிணறு

எங்கள் பக்கத்து வீட்டு ஹெங் போன மாதம் தமக்கு ஒரு கல்லறை வாங்கினார். பினாங்கில் எங்கள் கிரீன் லேனில் மனிதர்கள் கார் வாங்குவார்கள், தொலைக்காட்சிப் பெட்டி வாங்குவார்கள். இருபத்திரண்டு வருஷமாக அவற்றைப் பார்த்துப் பொறாமைப்படப் பழகிவிட்டேன். கல்லறைக்குப் பொறாமைப்பட்டது இதுதான் முதல் தடவை. சனிக்கிழமை காலை வேலிக்கு மேலால் அதன் படத்தை நீட்டி, "சூடா பெலி" என்றார். மலாயில், வாங்கியாச்சு என்று அர்த்தம். பின்னால் மலை, முன்னால் கடல்; சீனர் கணக்கில் உத்தமமான இடம். அறுபது வயது மனிதர், ஒரு தலையிடிகூடக் கிடையாது. யாழ்ப்பாணத்தில் ஒருவர் இப்படிப் படம் காட்டியிருந்தால் இனசனம் கூடி அவர் கையில் நூல் கட்டியிருக்கும். ஹெங்கின் மனைவியோ எங்களுக்குக் கேக் வெட்டிக் கொடுத்தாள். "நீ உயில் எழுதிவிட்டாயா?" என்று ஹெங் கேட்டார். "அடுத்த வாரம்" என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்யைக் காப்பாற்றத்தான் பீச் ஸ்திரீட்டில் வக்கீல் லிம்மின் மாடிப்படி ஏறினேன்.

"சொத்தில்லாதவருக்கு எதுக்கப்பா உயில்?" என்று புறப்படும்போதே என் மனைவி கேட்டாள். கொஞ்சம் கடுமையான கேள்வி. ஆனால் சரியான கேள்வி. லிம் ஒரு மஞ்சள் தாளில் கோடு போட்டுக்கொண்டு வீடு யார் பெயரில் என்றார். மனைவி பெயரில் என்றேன். வேறு நிலம்? அதுவும் மனைவி பெயரில். அவர் பேனாவை வைத்துவிட்டு, கடன்காரர்களிடமிருந்து ஒளித்து வைத்திருக்கிறேனோ என்ற சந்தேகத்தோடு பார்த்தார். எங்கள் யாழ்ப்பாண வழக்கத்தை அவருக்கு விளக்குவதற்குள் வியர்த்துவிட்டது. எங்களில் வீடும் அதைச் சுற்றிய வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளை பெட்டியோடு வந்து அதில் குடியிருப்பார். ஊரில் எங்கள் வீடு தங்கைக்குப் போயிற்று. பினாங்கில் பிறந்து வளர்ந்த என் மனைவிக்கு இந்த வீட்டை அவளுடைய அப்பா கொடுத்தார். துறைமுக அலுவலகத்தில் எழுதுகிற கிராணியாக எவ்வளவு உயர்ந்தேனோ, இரண்டு வீட்டிலும் விருந்தாளியாக அவ்வளவு உயர்ந்தேன்.

"அப்படியானால் உன்னிடம் என்னதான் இருக்கிறது?" என்றார் லிம்.

"ஒரு கிணறு. எட்டில் ஒரு பங்கு."

அவர் அதை எழுதவில்லை. குமாஸ்தா சுப்பையாவைக் கூப்பிட்டுச் சீனமும் ஆங்கிலமும் கலந்து ஏதோ கேட்டார். சுப்பையா என் பக்கம் குனிந்து, "அண்ணே, எந்த எட்டுல ஒண்ணுன்னு கேக்குறாரு. மேலயா, அடியிலயா?" என்றார். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. வக்கீல் அலுவலகத்தில் நெடுங்காலம் இருந்தவர்.

தங்கைக்குக் கலியாணம் பேசியபோது அப்பா வீட்டையும் வளவையும் கிணற்றில் ஏழு பங்கையும் அவளுக்கு எழுதினார். எட்டாவது பங்கை, தெருவாசல் படலையிலிருந்து கிணற்றுக்குப் போகும் வழியோடு சேர்த்து, என் பெயரில் விட்டார். பத்திரம் எழுதிய நொத்தாரிசு காரணம் கேட்டதற்கு, "அவன் வந்து போக ஒரு சாட்டு வேணும்" என்றாராம். கிணற்றின்மேல் எனக்கு இருந்த தகுதியை அவர் அறியாதவர் அல்ல. பதினாறு வயதில் தோட்டத்துத் தண்ணீர் இறைப்புக்கு என்னை வாய்க்காலில் நிறுத்தினார்கள். நான் புத்தகமும் கையுமாக நின்றதில் வரம்பு உடைந்து, அந்த வருஷம் பக்கத்து வளவுக்காரருடைய மிளகாய் அமோகமாக விளைந்தது. அவர் இன்றைக்கும் என்னை நல்ல பிள்ளை என்றுதான் சொல்வார்.

உயிலில் அந்தப் பங்கை என் மகள் மாலதிக்கு எழுதுவதாக இருந்தேன். அம்மாவிடமிருந்து அவளுக்கு ஒரு வீடே வரப்போகிறது. அப்பாவிடமிருந்து வருவதற்கு இது ஒன்றுதான். தாள் தட்டச்சுக்குப் போவதற்குள் தங்கையின் கடிதம் வந்தது. "அண்ணை, பிள்ளைக்குச் சம்பந்தம் சரிவந்திருக்கு. மாப்பிள்ளை பகுதி கிணத்தை முழுசா எழுதித் தரச் சொல்லுது. உங்கட பங்கு ஒண்டுதான் குறுக்கை நிக்குது. உங்களைக் கேக்க எனக்கு வெக்கமாக் கிடக்கு."

மூன்று நாள் அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். தங்கை மகளின் கலியாணம் என் ஒரு பங்கில் நிற்கிறது என்பது தெரியும். கொடுத்துவிட்டால் அங்கே என் பெயரில் ஒரு பிடி மண்கூட இல்லை என்பதும் தெரியும். வெளியே தாராளமான மாமனாகவும் உள்ளே நிலச்சுவான்தாராகவும் மூன்று நாள் வாழ்ந்தேன். கடைசியில், பல்கலைக்கழக விடுமுறைக்கு வந்திருந்த மாலதியிடம் பங்கும் வழியும் என் பெயருக்கு வந்த கதையைச் சொல்லி, கடிதத்தைக் கொடுத்தேன். இருபது வயது, அந்தக் கிணற்றைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை.

"குடுத்துடுங்க லா அப்பா," என்றாள். "அந்தக் கிணத்த வச்சு நான் என்ன பண்றது? பினாங்குக்கு பைப் போட்டுக் கொண்டு வரவா?"

என் முகம் வாடியிருக்க வேண்டும். அவள் கடிதத்தை இன்னொரு தடவை வாசித்தாள்.

"கிணத்தத்தானே கேக்கறாங்க. வழியக் கேக்கலயே? வழிய நீங்க வச்சுக்குங்க. நான் ஒரு நாளைக்கு அங்க போனா, மாமி வீட்டுக்கு வந்த கெஸ்ட் மாதிரி நிக்க மாட்டேன். எங்கப்பா வழின்னு நடந்து போவேன்."

நாற்பத்தொன்பது வயதாகியும் எனக்குத் தோன்றாத யோசனை. சட்டம் படிக்கிறவள் அல்ல, தாவரவியல் படிக்கிறவள். அன்று அவளை நான் பார்த்த பார்வையை, ஹெங் தமது கல்லறைப் படத்தைப் பார்த்த பார்வையோடுதான் ஒப்பிட முடியும்.

பங்கைத் தங்கை மகளுக்கு எழுதி, வழியை எனக்கும் என் வாரிசுகளுக்கும் நிறுத்தி, லிம் தயாரித்த பத்திரம் ஊருக்குப் போயிற்று. வழி என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு நான் நின்றதில் சம்பந்தம் குழம்பினால் தங்கையின் முகத்தில் எப்படி விழிப்பது என்று ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. பதில் வந்தது: "மாப்பிள்ளையின்ரை தகப்பன் வாசிச்சுப்போட்டுச் சிரிச்சவர். நடக்க வாற ஆளை ஆர் மறிக்கிறது, வந்து நடக்கச் சொல்லுங்கோ எண்டார். ஆவணியிலை கலியாணம்."

ஆக, என் உயிலில் இப்போது ஒரே ஒரு வாசகம். தெருப் படலையிலிருந்து கிணறுவரை நடந்து போய், தண்ணீர் அள்ளிக் குடித்து, திரும்பி வரும் உரிமை என் மகள் மாலதிக்கு. சுப்பையா அதைத் தட்டச்சுச் செய்துவிட்டு, "இத்தன வருஷத்துல இப்படி ஒரு சொத்த நான் அடிச்சதில்லண்ணே" என்றார். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை வேலிக்கு மேலால் ஹெங்கிடம் தாளைக் காட்டினேன். எவ்வளவு நிலம் என்றார். ஆறு அடி அகலம் என்றேன்.

"போதுமே. அங்கே புதைக்கலாமா?"

"புதைக்க முடியாது. நெடுநேரம் நிற்கக்கூட முடியாது. நடக்கும்வரைக்கும்தான் என்னுடையது. நின்றுவிட்டால் தங்கை மகளுடைய வளவு."

ஹெங் எனக்காக வருத்தப்பட்டார். பிறகு, ஏதாவது ஒரு நல்ல குணம் இருக்காதா என்று தேடுகிறவர்போல, "கடல் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது," என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. "ஆனால் கடலைத் தாண்டித்தான் போக வேண்டும்."