ஆறு பக்கப் பதிலும் ஒரு பெப்பர்மிண்ட்டும்

டொக்... டொக்... டொக்...

புளி தட்டுகிற சத்தம். சின்ன இரும்புத் தடியால் பழத்தைத் தட்டினால் கொட்டை தனியே தெறித்து விழும். கூடவே மூக்கில் ஏறும் அந்தப் புளிப்பு வாசனை... இன்று காலை பக்கத்துத் தெருவில் யாரோ தட்டினார்கள். காப்பி ஆறியதுகூடத் தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் போன பிறகு எங்கள் புளி வியாபாரத்தை நான்தான் நடத்தினேன். தருமபுரியில் குடோன். ஆனால் குடோனில் புளி தங்காது. மூட்டை வந்த மறுநாளே நல்லம்பள்ளி பக்கத்து ஊர்களில் பெண்களின் வீடுகளுக்குப் போய்விடும். அவர்கள் வீட்டிலிருந்தே கொட்டை எடுத்துத் தருவார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. எந்த வீட்டில் எத்தனை மூட்டை என்பது என் நீள நோட்டில் இருக்கும். கான்வென்ட் கையெழுத்து. ஓர் அடித்தல் கிடையாது.

ஜிஎஸ்டி வந்த புதிது. ஒரு மதியம் அதிகாரி வந்து பார்த்திருக்கிறார். குடோன் பூட்டு. ஜன்னல் வழியே பார்த்தால் தரை காலி. வாசலில் போர்டும் இல்லை. இந்த முகவரியில் வியாபாரமே நடக்கவில்லை, பதிவை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று நோட்டீஸ் வந்தது. ஏழு நாளில் பதில் வேண்டும்.

அவர் நாற்பது வருடம் நடத்திய வியாபாரம்... நடக்கவே இல்லையாம்!

பதிவு போனால் சேலத்து வியாபாரிகள் சரக்கைத் தொட மாட்டார்கள். மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வக்கீல் எதற்கு? எனக்கு இங்கிலீஷ் தெரியாதா? இரண்டு நாள் உட்கார்ந்து ஆறு பக்கம் எழுதினேன். அனுப்பும் முன் வரி வக்கீல் தமிழரசியிடம் காட்டும்படி பெங்களூரிலிருந்து மகன் கெஞ்சினான். காட்டத்தான் போனேன், யோசனை கேட்கப் போகவில்லை.

தமிழரசிக்கு என் வயதில் பாதி. கடைசி வரி வரை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

“அம்மா, இங்கிலீஷ் பிரமாதம்ங்க. ஆனா இத அனுப்புனா, இல்லாத வம்பும் சேந்து வருங்க.”

“ஏன்? ஒரு பொய் இருக்கா அதுல?”

“அதாங்க பிரச்சனையே. ஆபீசர் வந்தப்ப நீங்க வூட்ல தூங்கிட்டு இருந்தத எழுதியிருக்கீங்க. தராசுக்கு முத்திரை போட மறந்தத எழுதியிருக்கீங்க. ஒரு தடவ ரிட்டர்ன் ரெண்டு நாள் லேட்டானத எழுதியிருக்கீங்க. இதெல்லாம் அவர் கேட்டாருங்களா?”

“மறைக்கறது பாவம்னு எங்க கான்வென்ட் சிஸ்டர் சொல்லிக் குடுத்திருக்காங்க.”

“மறைக்க வேணாம்ங்கம்மா. கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்க. அவர் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. வியாபாரம் நடக்குதா? சரி, புளி எங்கங்க?”

“பொம்பளைங்க வூட்ல.”

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சரக்கை வெளியே கொடுத்து வேலை வாங்குவதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறதாம். நீள நோட்டைக் கேட்டு வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். என் ஆறு பக்கம் ஆறு வரி ஆயிற்று. ஆங்கிலப் பேச்சுப் போட்டியில் நான் பரிசு வாங்கிய விவரம் உட்பட எல்லாம் போயிற்று.

“இன்னொண்ணுங்க. இத்தன எழுதியிருக்கீங்க, போர்டு பத்தி மட்டும் ஒரு வரியும் இல்லையே?”

டீயோடு வைத்திருந்த பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். வாயில் எதையாவது வைத்துக்கொண்டு பேசும் பழக்கம் எனக்குக் கிடையாது. பிஸ்கட் தீர்ந்ததும் இன்னொன்று எடுத்தேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்...

விசாரணை நாளன்று, வரி அலுவலக வாசலில் என் கையில் ஒரு பெப்பர்மிண்ட்டை வைத்தாள்.

“வாயில போடுங்கம்மா.”

உள்ளே போன பிறகுதான் சூழ்ச்சி புரிந்தது.

தமிழரசி பேசினாள். அதிகாரி நோட்டைப் புரட்டினார்.

“நோட்டு யார் வேணா எழுதலாமேங்க. நேத்து உக்காந்து எழுதினதா இருந்தா?”

என் நோட்டையா! ரத்தம் தலைக்கு ஏறியது. சொல்ல எத்தனை இருந்தது! வாயில் பெப்பர்மிண்ட்.

அப்போதுதான்... டொக். டொக். டொக்.

அதிகாரி எழுந்து வராந்தாவுக்குப் போனார். நாங்களும் போனோம். சாட்சிக்கு ஒரு பெண்ணை அழைத்து வரும்படி தமிழரசி சொல்லியிருந்தாள். நான் முனியம்மாவைத்தான் வரச் சொன்னேன். வந்ததோ நான்கு பேர். சாக்கை விரித்து, வட்டமாக உட்கார்ந்து, புளி தட்டிக்கொண்டிருந்தார்கள்.

“ஏம்மா, இங்க என்ன பண்றீங்க?”

“புளி தட்டறோம்ங்க சாமி. சும்மா குந்தியிருந்தா ஒரு நாள் கூலி போச்சுங்களே. மொதலாளியம்மா நாளைக்கு எடை பாப்பாங்க. கால் கிலோ கொறஞ்சாலும் வுட மாட்டாங்க, மவராசி!”

“எத்தன வருசமா பண்றீங்க?”

“எங்க ஆத்தா காலத்துல இருந்துங்க.”

போன மாதம் எத்தனை மூட்டை வாங்கினாள் என்று கேட்டார். முனியம்மா சொன்னாள். நோட்டைப் பார்த்தார். சரியாக இருந்தது. ஒரு கொட்டை தெறித்து அவருடைய ஷூவில் பட்டு உருண்டது.

“சார், எங்க வியாபாரம் நடக்கற எடம் இதாங்க” என்றாள் தமிழரசி.

அவர் சிரித்துவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“சரிங்கம்மா. போர்டு ஏன் இல்ல?”

பெப்பர்மிண்ட் கரைந்து போயிருந்தது. தமிழரசியின் கை அடுத்ததை எடுக்கக் கைப்பைக்குள் போனது. அதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன்.

“காத்துல விழுந்துருச்சு சார். உரிமையாளர்னு அதுல எங்க வூட்டுக்காரர் பேரு இருந்துச்சு. திரும்ப மாட்டணும்னா அத அழிச்சுட்டு என் பேர எழுதணும்னு பெயிண்டர் சொன்னான். நான் அவன வூட்டுக்குப் போகச் சொல்லிட்டேன்.”

புளித் தடிகள் நின்றுவிட்டன.

“அதுக்குத்தானா?” என்றாள் முனியம்மா. “பெயிண்டருக்குக் காசு குடுக்க மனசு வரலன்னு இல்ல நாங்க நெனச்சோம்!”

ஒரு வாரத்தில் போர்டு மாட்டச் சொல்லி, நோட்டீஸைக் கைவிட்டார் அதிகாரி. மாட்டினேன். மேலே கடைப் பெயராக அவர் பெயர் பெரிதாக. கீழே, உரிமையாளர் என்று என் பெயர். எழுத்து கோணியிருந்ததால் பெயிண்டரை மூன்று முறை எழுத வைத்தேன்.

இப்போது வியாபாரம் இல்லை. குடோனை வாடகைக்கு விட்டாயிற்று. போர்டு என் வீட்டு ஹாலில் இருக்கிறது. வருமான வரி வேலை எல்லாம் போனிலேயே முடிந்துவிடுகிறது. வராந்தா கிடையாது, சாக்கு கிடையாது...

“அம்மா, ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க” என்பாள் தமிழரசி.

எண்களை மட்டும் சொல்வேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. அவள் கற்றுக்கொடுத்ததுதானே.

ஆனால் அவள் போனை வைப்பதில்லை.

“அப்பறம்ங்கம்மா?”

கேட்டுவிட்டாளே... இனி ஆறு பக்கமும் சொல்லாமல் விடுவேனா?