பூனை சைவமான மார்கழி

எங்கள் வீட்டுப் பூனை மீனை விட்டுவிட்டது என்று முதலில் சொன்னது என் கணவர்தான். மகன் பரீட்சையில் தேறிவிட்டான் என்று சொல்கிற பெருமை அவர் முகத்தில் இருந்தது.

நாங்கள் தலைமுறை தலைமுறையாகச் சைவம். முட்டை சேர்த்த கேக்கைக்கூட வாசலைத் தாண்ட விடாத வீடு. வண்ணார்பேட்டையில், ஆற்றுக்குப் பக்கத்துத் தெருவில், மாடியில் நாங்கள் இருக்கிறோம். கீழே மேலப்பாளையத்திலிருந்து குடிவந்த ஒரு குடும்பம். பூனை எங்களுடையது என்றுதான் சொல்லிக்கொள்வோம். ஆனால் அது காலையில் எங்களிடம் பால்சோறு சாப்பிட்டுவிட்டு, மத்தியானம் படியிறங்கிப் போய்க் கீழ்வீட்டுக்காரியிடம் மீன் தின்றுவிட்டு வரும். இரண்டு வீட்டுக்கும் நல்ல பிள்ளை. வாயைச் சுத்தமாகத் துடைத்துக்கொண்டுதான் மேலே ஏறும் என்பதால் என் கணவரும் கண்டும் காணாமல் இருந்துவிடுவார்.

அந்த வருஷம் மழை ஓய்ந்து ஆறு நிறைந்து ஓடிக்கொண்டிருந்த நாட்களில் அது கீழே போவதை நிறுத்தியது. மார்கழி பிறந்ததும் பூஜையறைக்குள் போய் உட்கார ஆரம்பித்தது.

இப்போது நினைத்தால் அந்த மார்கழி முழுக்கத் தூக்கக் கலக்கத்தில் நடந்ததுபோல் இருக்கிறது. விடியலில் ஆற்றிலிருந்து பனி எழுந்து தெருவுக்குள் வந்துவிடும். பேருந்துச் சத்தம் கேட்கும், பேருந்து தெரியாது. பஜனைக்காரர்களின் ஜால்ரா பக்கத்தில் வருகிறதா தள்ளிப் போகிறதா என்று சொல்ல முடியாது. நான் கோலம் போட்டுவிட்டு ஈரக்கையோடு உள்ளே வந்தால், குத்துவிளக்கின் அருகே பூனை நாலு காலையும் உள்ளே மடக்கி, தலையைத் தாழ்த்தி, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருக்கும். அதன் மார்புக்குள் குர் குர் என்று ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். சாம்பிராணிப் புகைக்கு நடுவில் அதைப் பார்க்கிற யாருக்கும் கை தானாகக் கூடிவிடும்.

"பாத்தியாளா, செபம் சொல்லுது" என்றார் என் கணவர்.

எனக்குக் கொஞ்சம் வாய் அதிகம். "ருத்திராட்சப் பூனைன்னு கேள்விப்பட்டதில்லையா? கீழ்வீட்டுல அடுப்பு பத்தட்டும், பூசாரி எந்திரிச்சு ஓடுதாரா இல்லையான்னு பாருங்க" என்றேன்.

கீழே அடுப்பு பற்றியது, மீன் வாசம் மாடிக்கு வந்தது, பூனை எழுந்திருக்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போனது. சுவாமி முன்னால் வைக்கிற செம்புத் தண்ணீரை அது குடித்தது. ஊற்ற ஊற்றக் குடித்தது. "தீர்த்தம் எடுத்துக்கிடுது" என்றார் அவர். நெற்றியில் கொஞ்சம் திருநீறு வைத்துவிட்டார், அது கலையாமல் அப்படியே இருந்தது. உடம்பு இளைத்தது. விரதம் இருந்தால் இளைக்காதா என்றார்கள். கோயிலிலிருந்து திரும்புகிற தெருப் பெண்கள் மாடியேறி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி கையிலிருந்த சர்க்கரைப் பொங்கலில் கொஞ்சம் எடுத்து அதன் முன்னால் வைத்தாள். நெய் வாசத்துக்கு அதையும் நக்கியது. "போன பொறவியில ஓதுவாரா இருந்திருக்கும், பைய பேசுங்க, கலைச்சிராதிய" என்று அவள் கிசுகிசுத்தாள். பூனையைச் சுற்றி நாங்கள் எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசப் பழகியிருந்தோம். அந்த அமைதி எனக்குப் பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

கீழ்வீட்டுக்காரிக்குத்தான் வருத்தம். "என்னக்கா, ஒங்க பூன எங்க மேல கோவமா? அதுக்குன்னே சாள மீன் தல எடுத்து வச்சிருக்கேன்" என்று படியடியில் நின்று கேட்டாள்.

ஒரு மத்தியானம். சாப்பாடு முடிந்து தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தேன். கண் சொருகிக்கொண்டு வந்தது. ஆற்றுக்காற்றில் கொடித்துணிகள் கனவோடு சேர்ந்தே ஆடின. அப்போது பூனை என்னைத் தாண்டிப் போயிற்று. அதன் நடை எனக்குக் கீழிருந்து தெரிந்தது. பின்னங்கால்களில் விரலை ஊன்றாமல் குதிங்கால் முழுக்கத் தரையில் படிய நடந்தது. மெத்தென்று, சறுக்குவதுபோல். கனவுதானோ என்று பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

அது மாடிப்படியின் தலைப்பில் போய் நின்றது. கீழே மீன் பொரிகிற வாசம். மூக்கு விடைத்தது, நாக்கு வெளியே வந்து வாயைச் சுற்றியது. முன்னங்காலை முதல் படியில் வைத்தது. பின்னங்கால் வரவில்லை. காலை எடுத்துக்கொண்டது. மறுபடி வைத்தது. மறுபடி எடுத்துக்கொண்டது. பிறகு அங்கேயே நாலு காலையும் மடக்கி, தலையைத் தாழ்த்தி, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்தது. குர் குர் சத்தம் தொடங்கியது.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. அது மீனை விடவில்லை. மீனுக்கு இறங்க முடியவில்லை.

அவரை எழுப்பிச் சொன்னேன். நம்பாமல் வந்து பூனையைத் தூக்கினார். இடுப்பில் கை பட்டதும் அது திரும்பி அவர் மணிக்கட்டைக் கடித்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அது யாரையும் கடித்ததில்லை. அவர் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே காய்ச்சலுக்கு வைத்திருந்த மாத்திரையில் ஒன்றைப் பாதியாக உடைத்தார். "வலிக்குதுன்னா இதக் குடுப்பமா?" என்றார். டாக்டரிடம் கேட்காமல் ஒன்றும் வேண்டாம் என்று நான் சத்தம் போட்டதில் பையில் போட்டுக்கொண்டார்.

காய்கறிக் கூடையில் துண்டு விரித்துப் பூனையை வைத்து எடுத்துப் போனோம். கால்நடை டாக்டர் சின்ன வயசுப் பெண். காது ஓரத்தில் ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்த்தார். "சக்கரை ரொம்ப அதிகமா இருக்கு. பின்னங்கால் நரம்பைப் பாதிச்சிருக்கு. நிக்கவே வலிக்கும்" என்றார்.

"அது ஒருநாள்கூடக் கத்தலையே டாக்டர்" என்றேன்.

"பூனை கத்தாதும்மா. வலி வந்தா அடங்கிப்போகும். ஏறுற இடத்துல ஏறாது, இறங்குற இடத்துல இறங்காது. உடம்பை நக்கிச் சுத்தம் பண்ணாது. முதுகைக் கூனிக் கதகதப்பா ஒரு மூலை பார்த்து உட்கார்ந்துக்கும். கண்ணைப் பாதி மூடும், காது ரெண்டும் பக்கவாட்டுல சரியும்."

அவர் சொல்லச் சொல்ல எங்கள் பூஜையறை கண்முன் வந்துகொண்டே இருந்தது.

"குர் குர்ங்குமே, சந்தோசத்துலதானே?" என்று என் கணவர் கேட்டார். கெஞ்சுகிற குரல்.

"சந்தோசத்துலயும் வரும் சார். வலி தாங்காமத் தன்னைத்தானே தேத்திக்கவும் வரும்."

என் கணவர் பையிலிருந்த அரை மாத்திரையை எடுத்துக் காட்டினார். டாக்டர் அதைப் பார்த்துப் பதறிவிட்டார். "கொடுத்துட்டீங்களா? இதுல பாதி போதும், உயிரே போயிடும். மனுஷங்களோட வலி மாத்திரை எதையும் பூனைக்குக் காட்டாதீங்க." அதற்கென்று அளவாக வேறு மருந்து கொடுத்தார். தினமும் காலையும் மாலையும் இன்சுலின் போடக் கற்றுக்கொடுத்தார். சர்க்கரை குறையக் குறைய நரம்பு மெல்லத் தேறலாம் என்றும், சில பூனைகளுக்கு வலி நின்று கால் மரத்துப்போவதும் உண்டு என்றும் சொன்னார். "பாதத்தைத் தொட்டா சட்டுன்னு இழுக்கும், இப்ப அவ்வளவு வலி. எப்ப இழுக்காம விடுதோ அப்ப மெல்ல அழுத்திப் பாருங்க, வலி போயிருக்கா உணர்ச்சி போயிருக்கான்னு. உணர்ச்சி இருந்தா விரல் அசையும்." கடைசியாக, பால்சோறு அறவே கூடாது, மீனும் கோழியும் முட்டையும்தான் சாப்பாடு என்றார்.

"சோயா?" என்றார் என் கணவர்.

"சார், பூனை சார்."

வீடு வரும்வரை அவர் கூடையை மடியிலிருந்து இறக்கவில்லை. எனக்குக் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். படியேறும்போது அவர் சொன்னார்: "நோம்பு இருக்குன்னுல்லா நெனச்சேன். பட்டினியா கெடந்திருக்கு."

பூஜையறையிலிருந்து அதன் இடத்தை எடுத்து, கூடத்தில் வெயில் விழுகிற மூலையில் பழைய வேட்டிகளை மடித்துப் போட்டோம். அது வெளிக்கிருக்க மண் போட்டு வைக்கிற பிளாஸ்டிக் தட்டின் விளிம்பை, ஏறச் சிரமப்படாதபடி தாழ வெட்டினேன். குனியாமல் சாப்பிடக் கிண்ணத்தைப் பலகை மேல் வைத்தோம். தூக்குவதென்றால் வயிற்றடியில் ஒரு கை, மார்படியில் ஒரு கை. தலையைத் தவிர வேறெங்கும் தடவக் கூடாது. தெருப் பெண்கள் வந்தால் நான் வாசலிலேயே, "சாமியார் சம்சாரி ஆயிட்டாரு" என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

மீனைக் கீழ்வீட்டுக்காரி உப்பில்லாமல் அவித்துக் கொடுத்தாள். "உப்புகூட இல்லாமலா? பாவம்க்கா" என்று தினமும் சொல்வாள். ஒரு நிக்காஹுக்காக அவள் காயல்பட்டினம் போனபோதுதான் நாங்கள் மாட்டிக்கொண்டோம். மீன் வாங்க நான் போகிறேன் என்றேன். எனக்குக் குமட்டும் என்று அவருக்குத் தெரியும். அவரே துண்டால் மூக்கை மூடிக்கொண்டு மீன் கடைக்குப் போனார். போய் நின்று, "பூனைக்கு" என்றாராம்.

"எல்லாரும் பூனைக்குன்னுதான் அண்ணாச்சி சொல்லுதாக. கொழம்புக்கு வெட்டவா, வறுக்க வெட்டவா?" என்றாளாம் மீன்காரி.

இதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மொட்டைமாடியில் ஒரு பழைய அடுப்பை வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு அவித்தார். முள் எடுக்கும்போது கண்ணில் நீர் வந்தது, நாற்றத்தால்தான் என்றார். குளித்துவிட்டு, திருநீறு பூசிக்கொண்டு, சுவாமி முன்னால் வெகுநேரம் நின்றார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

தை போனது, மாசி போனது. திருநீற்றுத் தடம் இருந்த இடத்தைப் பூனை ஒருநாள் தானே நக்கிய காலால் துடைத்துக்கொண்டது. தண்ணீருக்கு அலைவது குறைந்தது. நடை அப்படியேதான் இருந்தது. மருந்து போடும்போது நான் பாதத்தின் பக்கம் விரலைக் கொண்டுபோனாலே காலை உள்ளே இழுத்துக்கொள்ளும். தேறாது போலிருக்கிறது என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொள்ளவும் ஆரம்பித்துவிட்டேன். வலியோடு அதை வைத்திருப்பது யாருக்காக என்று அவரிடம் கேட்டும்விட்டேன். அவர் ஊசியை எடுத்துக்கொண்டு பூனையிடம் போய் உட்கார்ந்தார்.

பங்குனி வெயிலில் ஒரு பகல். வேட்டிப் படுக்கைக்குப் பக்கத்தில் நானும் தரையில் சாய்ந்திருந்தேன். ஜன்னல் வழியே வந்த வெளிச்சம் தண்ணீர்போல் சுவரில் அசைந்தது. பாதித் தூக்கத்தில் மணிக்கட்டில் ஏதோ லேசாகப் படிந்ததுபோல் இருந்தது. கண்ணைத் திறந்தேன். பூனை பக்கவாட்டில் நீட்டிப் படுத்து அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. அதன் பின்னங்கால் பாதம் என் கைமேல் கிடந்தது.

 வலி போய்விட்டதா, கால் மரத்தே போய்விட்டதா? கேட்டால் சொல்கிற பிராணியா அது? அவர் உள்ளேயிருந்து "ஏளா, சாப்பிட வரலையா?" என்று கூப்பிட்டார்.  மெல்லக் கையைத் திருப்பி, கட்டைவிரலால் அந்தப் பாதத்தின் நடுவில் இருந்த மெத்தையை மிக லேசாக அழுத்தினேன்.

விரல்கள் விரிந்தன. விரிந்து, என் விரலைத் திருப்பி அழுத்தின. பூனை கண்ணைத் திறந்து, யாரென்று பார்த்து, மறுபடி மூடிக்கொண்டது. காலை இழுக்கவில்லை. நான் அப்படியே படுத்துக்கொண்டு அழுதேன்.