அசில்கான் அக்கா கட்டிய வெள்ளைத் துணி

எங்கள் மலையூர் நரினின் ஆஸ்பத்திரியில் குடலிறக்கத்துக்கு நான் படுத்திருந்தபோது, சலவைக்குப் போன என் சட்டை, அறுந்த பொத்தான் தைக்கப்பட்டுத் திரும்பி வந்தது. பார்க்க ஆள் வராத நோயாளிகளின் துணிகளைத் தேடி எடுத்துத் தைத்து அனுப்புவாராம், சலவைக்கூடத்து அசில்கான் அக்கா. அது எனக்குத் தெரிய மூன்று வருஷம் ஆயிற்று. அதுவும் அவர் வாயால் இல்லை.

அக்காவின் கடைசி மகள் மேரிமுக்கு ஒரு கால் குட்டை. லாரிகள் ஓடும் சாலையோரமாகத்தான் பள்ளிக்கூடம் போவாள். பனி விழுந்தால் லாரி வழுக்கும். சட்டென்று ஒதுங்க அவளால் ஆகாது. ஆற்றோரத்து வில்லோ மரத் தோப்புக்குள் பாதை போட்டுவிட்டால் சாலைப் பக்கமே போக வேண்டாம். பனிக்கு முன் போட்டாக வேண்டும் என்று அக்கா வீடு வீடாக ஏறி இறங்கினார். ஊர்கூடிச் செய்யும் அஷாருக்கு எல்லோரும் வருவதாகச் சொன்னார்கள். அஷார் வேலைக்குக் கூலி கிடையாது. கூப்பிட்டவர் வீட்டில் ஆட்டுக்கறி சூப்பு உண்டு.

வெட்ட வேண்டிய மரங்களுக்கு அடையாளமாக, கிழிந்த படுக்கை விரிப்பைக் கீறி ஐந்து மரங்களில் அக்கா கட்டி வைத்தார். யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் ரம்பத்தோடு போனோம். மரத்துக்கு இருபது முப்பது துணிகள்! நடுவில் ஒரு குழந்தைக் குல்லாவின் நாடாகூட. துணி கட்டிய மரம் எங்களுக்கு வேண்டுதல் மரம்; பார்ப்பவர்கள் தாங்களும் ஒன்று கட்டிவிட்டுப் போவார்கள்.

"நான் கை வைக்க மாட்டேம்பா," என்று தச்சர் ஷெய்ஷென் பின்வாங்கினார்.

"ரம்பம் மொண்ணைன்னு சொல்லிட்டுப் போயேன். அதுக்காக மரத்தை மகான், அவுலியான்னு ஆக்கணுமா?" என்றாள் அவர் மனைவி. ஆனால் அவளும் கிட்டே வரவில்லை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பள்ளிவாசலில் பாங்கு சொல்பவன் நான். மரத்திடம் வரம் கேட்கக் கூடாது என்றுதான் எனக்கு ஓதிக்கொடுத்தார்கள். ஆனாலும் முதலில் கட்டியது யார் என்று மனசு குறுகுறுத்தது. குனிந்து பார்த்தேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த துணியில் ஆஸ்பத்திரி முத்திரை.

அக்காவைத் தனியே அழைத்தேன். "இது நீங்க கட்டினதுதானே? சொல்லிட்டா இப்பவே வெட்டிடலாம்."

"முதல் முடிச்சு என்னோடது தம்பி. அந்த நாடா? பத்து நாளா காய்ச்சல்ல கெடக்குற புள்ளையோடது. அவ ஆத்தா கட்டினதை நான் எப்படி அவுக்குறது?"

"அப்போ மேரிம்?"

அக்கா தோப்பைக் கண்ணால் அளந்தார். பிறகு குதிகாலால் மண்ணில் கோடு இழுத்துக்கொண்டே நடந்தார். கோடு முதல் மரத்தைச் சுற்றிப் போயிற்று, அடுத்ததையும் சுற்றிப் போயிற்று.

"என்னக்கா இது, குடிகாரன் நடந்த மாதிரி இருக்கு!" என்றார் ஷெய்ஷென்.

"உனக்குப் பழகின நடைதானே, கோட்டு மேலயே மண்ணை வெட்டு!" என்றார் அக்கா. தோப்பே சிரித்தது.

ஒரு நாள் வேலை மூன்று ஞாயிறுகளைத் தின்றது. வளைவுகளில் வேரும் பாறையும். அதுவும் போதாமல் செவ்வாய்க்கிழமைதான் கடைசிச் சரளையைக் கொட்டினோம். வியாழன் பனி விழுந்தது. மேரிம் அந்த வழியாகத்தான் போனாள். குல்லாக் குழந்தைக்கும் காய்ச்சல் விட்டது. அதற்கும் மரத்துக்கும் என்ன என்பது அல்லாஹ்வுக்கே தெரியும்.

முதல் துணி வெறும் அடையாளம் என்று தெரிந்தும் பேசாமலிருப்பது பொய்யில் சேருமா என்று எனக்குள் ஒரு அரிப்பு. மூன்றாம் வருஷம் அக்கா தலாஸ் ஊரிலிருக்கும் மூத்த மகளிடம் குடிபோனார். பேருந்து ஏறும் இடத்தில் கேட்டே விட்டேன்.

"கேட்டா உள்ளதைச் சொல்லிடு தம்பி," என்றார். "கேக்காதவங்களைத் தேடிப் போகாதே. அப்புறம், மூணாவது வளைவுல பனி சீக்கிரம் இறுகுது. புள்ளைங்க வர்றதுக்கு முன்னாடி சாம்பல் போடச் சொல்லு."