இரட்டித்து முப்பதைக் கூட்டு

ஓட்டல் வரவேற்பு மேசைக்குப் பின்னால் நின்றே வேலைக்காலத்தை ஓட்டிய மனிதர் அவர். வெளிநாட்டு விருந்தாளிகள் மாடியிலிருந்து இறங்கி வந்து, இன்று வெளியே எத்தனை டிகிரி என்று கேட்பார்கள். செல்சியஸில் சொன்னால் சிலருக்குப் புரியாது. அவர்கள் ஊரில் ஃபாரன்ஹீட். நம்மவர் மேற்கூரையைப் பார்த்து யோசிப்பதுபோல் ஒரு பாவனை காட்டிவிட்டு விடையைச் சொல்வார். இரட்டித்து முப்பதைக் கூட்டு, அவ்வளவுதான் வித்தை. இருபது என்றால் எழுபது. சரியான விடை அறுபத்தெட்டு. இரண்டு டிகிரி வித்தியாசத்துக்காகச் சட்டையை மாற்றிக்கொள்ள யாரும் மேலே ஓடியதில்லை. ஆகவே அவர் பெயரும் கெடவில்லை. கூட வேலை பார்த்தவர்கள் அவரை 'டிகிரி' என்றே கூப்பிட்டார்கள். படித்து வாங்காத பட்டம் அது; அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை.

ஓய்வு பெற்ற கையோடு, கோழிமுட்டையைச் சூட்டில் வைத்துக் குஞ்சு பொரிக்கும் பழைய மின்பெட்டி ஒன்றை எங்கிருந்தோ வாங்கி வந்து பின்னறையில் வைத்தார். அந்த அறைமேல் அவர் மனைவிக்கு ரொம்ப நாளாக ஒரு கண். துணி தைப்பவள். தையல் மிஷின் சமையலறை மூலையில் கிடந்ததால், தைத்த துணியில் வெங்காய வாசம் வருகிறது என்று வாடிக்கைக்காரர்கள் மூக்கைச் சுளித்தார்கள்.

"ஒரு தடவை பொரிச்சுக் காட்டுங்க. பொரிக்கலேன்னா பெட்டி தெருவுக்கு, அறை எனக்கு," என்றாள்.

"சரி," என்றார் டிகிரி. அறையை விடும் எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. ஓய்வு பெற்ற மனிதனுக்கு உட்கார ஓர் இடம், திருக ஒரு திருகாவது வேண்டாமா?

முட்டை கொடுத்த பண்ணைக்காரர் போனில் சொன்னார்: "தொண்ணூத்தொம்பதரை ஃபாரன்ஹீட். மூணு வாரமும் அதுலயே நிக்கணும்." பெட்டியின் திருகிலோ செல்சியஸ் எண்கள். அவரிடமே கேட்டிருக்கலாம். டிகிரி போய் இன்னொருவரிடம் டிகிரி கேட்பதா? முப்பதைக் கழித்தார், பாதியாக்கினார். முப்பத்தைந்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. பெரிய மனசு பண்ணி முப்பத்தைந்தாகவே வைத்தார்.

முட்டைகளை நாளுக்குப் பல தடவை புரட்டிவிட வேண்டும். ஒரு தடவை அவர், மறுதடவை அவள் என்று ஏற்பாடு. முதல் நாளே வில்லங்கம். தன் முறைக்குப் போய்ப் பார்த்தால் திருகு நாற்பதில் நிற்கிறது. இறக்கினார். அடுத்த முறையும் நாற்பது.

"இந்தத் திருகு தானா ஏறுது," என்றார்.

"பழைய பெட்டிதானே," என்றாள் மனைவி, ஊசியில் நூல் கோத்தபடி, தலை நிமிராமல்.

"ஸ்பிரிங் லூசா இருக்கும்."

"இருக்கும், இருக்கும்."

அதற்கப்புறம் அவருக்கு இதே பிழைப்பாகிவிட்டது. ஏறியதை இறக்குவார், பெட்டியைத் திட்டுவார், அதை விற்றவனின் பரம்பரையையே திட்டுவார்.

மூன்று வாரக் கெடு முடிகிற நாளில் பெட்டிக்குள் டொக்கென்று ஒரு சத்தம். ஒரு முட்டை ஓட்டில் விரிசல், விரிசலுக்குள் ஒரு குட்டி அலகு. மதியத்துக்குள் ஈரக் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து எழுந்தன. டிகிரிக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தும் மகளைப் போனில் கூப்பிட்டு, மனைவியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"எவ்ளோ சூட்டுல வெச்சீங்கப்பா?"

"முப்பத்தஞ்சு. தொண்ணூத்தொம்பதரைன்னாங்க. முப்பதைக் கழிச்சுப் பாதியாக்கினேன்."

"அப்பா, முப்பத்திரண்டைக் கழிச்சு, அஞ்சால பெருக்கி, ஒம்பதால வகுக்கணும். முப்பத்தேழரை வரும். மூணு வாரமும் முப்பத்தஞ்சுல வெச்சிருந்தா ஒண்ணுகூடத் தேறியிருக்காதே."

டிகிரி குஞ்சுகளைப் பார்த்தார். நன்றாகவே தேறியிருந்தன. மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"நான்தான் நாப்பதுல வெச்சேன்," என்றாள் அவள். "ஜுரம் பாக்குற தெர்மாமீட்டரைப் பக்கத்து வீட்டு அடைக்கோழி இறக்கைக்குள்ள வெச்சுப் பாத்தேன். நூத்தி நாலு காட்டுச்சு. மருந்துக்கடையில கேட்டா, செல்சியஸ்ல நாப்பதுன்னாங்க."

"அது கோழியோட சூடும்மா. முட்டைக்கு அவ்ளோ ஆகாது." மகள் தலையில் அடித்துக்கொண்டது போனிலேயே கேட்டது. "அப்பாவுக்கு எண் சரி, கணக்கு தப்பு. உனக்குக் கணக்கு சரி, எண் தப்பு. மாத்தி மாத்தித் திருகினதுல நடுவுல முப்பத்தேழரை வந்திருக்கு."

போனை வைத்த பிறகுதான் டிகிரிக்கு இன்னொன்று உறைத்தது. அவள் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்திருந்தாலே அறை அவளுக்கு வந்திருக்கும்.

"ஏன் ஏத்துனே? அறை வேணும்னு கேட்டவ நீதானே?"

"உள்ள உசிரு இருக்கில்ல," என்றாள். "அதோட, ஒண்ணும் பொரிக்கலேன்னா நீங்க மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பீங்க. அதை யாரு பாக்கறது?"

அவர் நேரே சமையலறைக்குப் போய், தையல் மிஷினை இழுத்துக்கொண்டு வந்து பின்னறை ஜன்னலோரம் போட்டார்.

அடுத்த ஈடு முட்டை வைத்தபோது மகள் வந்திருந்தாள். திருகைச் சரியாக முப்பத்தேழரையில் நிறுத்தி, அசையாதபடி டேப் ஒட்டிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து இருவருக்கும் கை அரித்தது. அவள் தைத்தபடி பெட்டியைப் பார்ப்பாள். அவர் அவளைப் பார்ப்பார்.

"கொஞ்சம் குளிருதோ?" என்றாள் ஒரு சாயங்காலம்.

டிகிரி எழுந்து போய் டேப்பின் முனையை நகத்தால் நெம்பினார்.

"நீ ஏத்து. நான் இறக்கறேன்."