சிவப்புப் பொத்தானும் என் மனைவியின் மரியாதையும்

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், அரைக்கிழவனான பிறகு, எனக்கு ஆங்கிலக் கோபம் கற்பிக்கப்பட்டது. வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அமெரிக்கர்களின் புகார்களைத் தொலைபேசியில் கேட்கும் கம்பெனி ஒன்று என்னைப் பயிற்சிக்கு எடுத்தது. தேறினால் வேலை. தேறாவிட்டால் சந்தாபுராவில் மச்சான் கடையில் ஆணி நிறுக்க வேண்டும். அதைவிட அந்த ஆணிகளை விழுங்கிவிடலாம்.

பயிற்சியாளர் காக்ஸ் டவுன் தமிழ்ப்பெண். வயதில் என்னைவிடச் சின்னவர், குரலில் பெரியவர். எல்லோரையும் ‘மேன்’ என்றுதான் கூப்பிடுவார். அழைப்பவரின் கோபத்துக்குத் தக்கபடி அழுத்த, திரையில் மூன்று பொத்தான்கள்: எரிச்சல், கோபம், மூன்றாவதாகச் சிவப்பு நிறத்தில் ‘இன்ஃப்யூரியேட்டட்’. சிவப்பை அழுத்தினால் அழைப்பு நேராக மேலாளருக்குப் போய்விடும்.

புத்தகங்களில் அந்தச் சொல்லோடு எனக்கு நெடுநாள் பழக்கம். பிரபுக்கள் இன்ஃப்யூரியேட் ஆவார்கள், கைத்தடியைச் சுழற்றுவார்கள். நேரில் ஒருவரையும் பார்த்ததில்லை. யாராவது ஆகிறார்களா என்று அன்று மாலை பேருந்தில் படிக்கட்டை அடைத்து நின்று பார்த்தேன். நடத்துநர் “முந்தே ஹோக்ரீ!” என்று, முன்னால் போகச் சொல்லிக் கன்னடத்தில் அலறினார். வெறும் எரிச்சல், முதல் பொத்தான். வீட்டுக்குப் போய் மனைவியிடம் கேட்டேன்:

“உன்னை நான் இன்ஃப்யூரியேட் பண்றேனா?”

“அப்டின்னா?”

“கோபம் உச்சந்தலைக்கு ஏர்றது.”

“யோவ், அது தெனம் நடக்கறதுதானேய்யா. இந்தா, வெங்காயத்தை உரி.”

தேர்வு நாளில், பதிவு செய்த அழைப்புகளைப் போட்டார் பயிற்சியாளர். முதலில் ஒருவர் கத்து கத்தென்று கத்தி எதையோ போட்டு உடைத்தார். நான் நிதானமாக ‘எரிச்சலை’ அழுத்தினேன். அடுத்து ஒரு பெண்மணி எங்கள் ஏழு தலைமுறைக்கும் சாபம் விட்டார். மறுபடியும் எரிச்சல்.

“என்ன மேன் நீ! அவன் போனையே ஒடைக்கிறான், உனக்குக் காது இல்லையா?”

“மேடம், அல்சூர்ல எங்க தெருக் குழாயடில இதுக்குப் பேரு குட் மார்னிங்.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. மூன்றாவது ஒரு முதியவர், பட்டுப் போன்ற குரல். எவ்வளவு உதவினீர்கள், மிக்க நன்றி, இதை மறக்கவே மாட்டேன் என்றார். பாய்ந்து சிவப்பை அழுத்தினேன்.

“அவர் தேங்க்ஸ் சொல்றாரு மேன்!”

“அதான் மேடம் பயமா இருக்கு. என் பொண்டாட்டி ‘யோவ்’னு கூப்பிட்டா வீட்ல பண்டிகை. ‘வாங்க, உக்காருங்க’ன்னா அன்னிக்கு எனக்குச் சாப்பாடு வெளியிலதான்.”

வகுப்பு மேசையைத் தட்டிச் சிரித்தது. பயிற்சியாளர் கையிலிருந்த பேனாவை மெல்ல மூடி வைத்தார்.

“சார், நீங்க கொஞ்சம் எழுந்து வெளிய வர்றீங்களா? ப்ளீஸ்.”

சிரிப்பு நின்றது. ‘மேன்’ போய் ‘சார்’ வந்துவிட்டது. கண் முன்னால் ஆணி மூட்டைகள் தெரிந்தன. எனக்கோ வாய் நிற்கவில்லை.

“மேடம்... இப்ப மூணாவது பட்டன்.”

முறைத்தார். உதடு துடித்தது. பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். “எங்கம்மாவும் எங்கப்பாவை இப்பிடித்தான் ‘சொல்லுங்க சார்’ம்பாங்க மேன்!” என்றவர், கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஆனா அமெரிக்காக்காரன் கத்தினா சிவப்பு. குழாயடியை மறந்துடு. நாளைக்கு இன்னொரு தடவை எழுது.”

மறுநாள் கத்தியவர்களுக்கெல்லாம் சிவப்பை வாரி வழங்கினேன். தேறிவிட்டேன்.

துள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். வேலை கிடைத்ததை, வகுப்பு சிரித்ததை, யாரை உதாரணம் காட்டினேன் என்பதை எல்லாம் ஒரே மூச்சில் மனைவியிடம் கொட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள்.

“ரொம்ப சந்தோஷங்க. கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்.”

அழைப்பை மாற்றிவிட வீட்டில் மேலாளர் யாரும் இல்லை.